முந்நூற்றைம்பது கிராம்

சுபஹ் தொழுது வந்து
மில் கதவைத் திறக்க முன்
ஒரு பக்கம் ஓதுவார் உதுமாலெவ்வை.
ஏழு வயதில், ஓதப்பள்ளியில், பிரம்புக்குப் பயந்து
பாடமாக்கியது எல்லாம்
வட்டைக்குப் பழகிய மாடு மாதிரி
அவர் நாக்கில் தானாக நடக்கும்.
அடுப்படியில் மாவறுத்தபடியே
எங்கே மூச்செடுப்பார் என்று நான் சொல்லிவிடுவேன்.

அன்று
மூச்செடுக்கும் இடம் வர முன்பே நின்றுவிட்டார்.

அளப்பவர்களைப் பற்றிய சின்ன அத்தியாயம் அது.
கண்ணாடியைச் சாரன் தலைப்பில் துடைத்து
பக்கத்தில் அச்சடித்திருந்த தமிழ் அர்த்தத்தை
விரல் வைத்துப் படித்தார்.
மறுகாவும் படித்தார்.
"நாப்பது வருஷமா ஓதுறன், ஜெஸீமா,
இது என்னோடதான் பேசுதெண்டு
இண்டைக்குத்தான் விளங்குது."
தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

மில்லுக்குப் போனார்.
மாமா காலத்துப் படிக்கல்லைக் கவிழ்த்தார்.
அரசாங்கம் முத்திரை குத்திய ஈயத்துக்கு மேலே
இன்னொரு ஈயம்.
உளியால் நெம்பி எடுத்து நிறுத்தார்:
முந்நூற்றைம்பது கிராம்.
மூட்டைக்கு மூட்டை, போகத்துக்குப் போகம்.

அவர் அதைத் தேடவில்லை.
நேரே போய் எடுத்தார்.
அதைப் பற்றி நான் இன்றுவரை கேட்கவில்லை.

பரணில் கறையான் தின்றது போக மிஞ்சிய
பதினான்கு பேரேடுகள் இறங்கின.
அந்தக் காலத்து நெல் விலையா,
இன்றைய விலையா என்று ஒரு இரவு முழுக்க
தன்னோடு தானே வழக்காடி
இன்றைய விலை என்று தீர்த்தார்.
லேண்ட்மாஸ்டர் போனது.
சின்ன மகளின் வீட்டுக்கு
பிளாட் போட வைத்திருந்த காசும் போனது.
மூன்று நாள் நான் பேசவில்லை.
கறிக்கு உப்பு மட்டும் போட்டேன்.

மல்வத்தையில் சிரித்தார்கள்.
"என்ன காக்கா, எலக்சன் கேக்கிறீங்களா?"
நெய்னாகாட்டில் ஒருவர்
காசை வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்கினார்.
மல்கம்பிட்டியில் ஒருவன்
வாப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டினான்.
இவர் தலை குனிந்து நின்றார்.
மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த எனக்கு
இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்க வாய் உன்னியது.

வீரமுனையில் தெய்வானைப்பிள்ளை
காசை எண்ணவில்லை.
தொடவும் இல்லை.
"அவர் உங்கட மில்லுக்கு நெல்லுப் போட்டதா
அதில எழுதியிருக்கா?"
இருக்கு, என்றார் இவர்.
"காட்டுங்க."

இருபத்திரண்டு மூட்டை. மாசி மாதம்.
வரிக் கடைசியில்
சீனித்தம்பி என்று சாய்ந்து விழும் கையெழுத்து,
தம்பியின் 'பி'யில் மை பெருகியிருந்தது.
அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு
அந்த மனுசன் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை.
அவர் உடுப்புகளைக்கூட
எரிந்த வீட்டுக்குள் விட்டுத்தான் ஓடினாளாம்.

எழுத்துக் கூட்டத் தெரியாத அவள்
அந்தப் பெயரின் மேல் விரல் வைத்து
இடமிருந்து வலம் போனாள்.
திரும்பவும் போனாள்.
இப்படி ஒரு விரலை நான்
விடியலில் பார்த்திருக்கிறேன்.

"காசு வேணாம். இதைத் தாங்க."

பேரேட்டில் தாள் கிழிப்பது
எங்கள் மில்லில் ஹராம் மாதிரி.
கணக்குப் பார்த்துத்தானே இத்தனை தூரம் வந்தோம்.
இவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான்தான் கிழித்தேன்,
ஓரம் பிசகாமல், நூல் பிடித்த மாதிரி.

அவளுக்குரிய காசு
இன்னும் அலுமாரியில் தனிக் கவரில் இருக்கிறது.
யாருக்குக் கொடுப்பது என்று
மௌலவியிடம் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை.
இன்னும் பதினொரு பெயர் பாக்கி.
அதில் இரண்டு பேர் கனடாவில் என்கிறார்கள்.

மகளின் வீடு தகரம்தான்.
மாரி மழை கொட்டும்போது
அவர் ஓதுவது எனக்குக் கேட்பதில்லை.
அகப்பையை அசைக்காமல்
கொஞ்ச நேரம் நிற்பேன்,
அந்த இடம் இப்போது வந்திருக்கும் என்று.