மாதம் ஓர் அத்தியாயம்

வாட்சப்பில் அம்மாவின் குரலைக்கூட
ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவள் நான்.
முதல் கூட்டத்துக்கு முன்பே
முழு நாவலையும் முடித்திருந்தேன்,
பீஷானில் ரயில் மாறும்போதும்
திரையை விரலால் தள்ளித் தள்ளி.

தோ பாயோ. புளோக்கின் கீழ்த்தளம்.
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை,
ஐந்து கோப்பி ஓ.
"அந்த ஓடம் என்ன நிறம்?" என்றார் மைமூனா.
எனக்கு ஓடமே ஞாபகமில்லை.

மாதம் ஓர் அத்தியாயம்தானாம்.
மொத்தம் நாற்பத்திரண்டு.
கப்பல் பட்டறை மருதையன் கணக்குப் போட்டுச் சிரித்தார்:
"என் பெர்மிட் பதினெட்டு மாசத்துல முடியுது.
முடிவ மட்டும் சொல்லிராதீங்க."

யாரும் வேகத்தைக் கூட்டவில்லை.
மைமூனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அதே பத்தியை
இன்னொரு தரம் வாசித்தார்.
ஐந்தாம் மாடித் துணிக்கம்பிலிருந்து
புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது
யாருடைய சட்டையோ.

இப்போது ஏழாவது அத்தியாயம்.
நேற்று வட்டப் பாதை ரயிலில்
ஒரே பக்கத்தில் இருந்தேன்
மூன்று நிலையங்கள்.
ஓடம் பச்சை.
அடிப்பலகையில் மட்டும்
பழைய சிவப்பு, உரிந்த இடத்தில்.

மருதையனிடம் இதைச் சொல்ல
ஞாயிறு வரவேண்டும்.
முடிவு தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
மெல்ல மெல்ல
மறந்துகொண்டிருக்கிறேன்.