இடுப்பு நீண்ட காய்

மாலை நாலரை. செரேரே ஆய்வுப் பண்ணை.
அசெகென்யே இடுக்கியைச் சாராயத்தில் நனைக்கிறாள்.
நாளை விரியவேண்டிய மொட்டை இன்றே பிரித்து
மகரந்தப் பைகளைக் கிள்ளுகிறாள். எட்டு.
எண்ணித்தான் எடுப்பாள்.
ஒன்று தங்கினாலும்
செடி தன்னையே மணந்துகொள்ளும்.

விடியலில் அப்பனைக் கொண்டுவர வேண்டும்.

அப்பனைப் பெற்றவர்கள் பொலிவியாக் காட்டு ஓடைக்கரை.
உறைக்குள் வந்த விதை ஏழுதான்.
யாரும் விதைக்காமல் முளைத்து
மாடு மிதித்து
இலைப்புள்ளி தின்னப் பார்த்துத்
தோற்றுப்போன வம்சம்.
அதில் ஒன்றையும் வேறொரு காட்டுச் செடியையும் சேர்த்தபோது
பிறந்தது பூத்தது,
மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது,
மண்ணுக்குள் ஓர் ஊசிகூட இறங்கவில்லை.
இரண்டு வருடம்.
"பூவையாவது விற்கலாமே" என்றான்
ஓட்டுநர் எலுங்கட்.

பிறகு ஒரு துளி.
காந்தள் விதையில் இருக்கும் அதே நஞ்சு.
அந்தக் கொடிக்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்தவர்கள்
கலப்பை நினைத்திருக்க மாட்டார்கள்.
பஞ்சில் நனைத்துக் கணுவில் வைத்தாள்.
பத்துக் கணுவில் எட்டு கருகிற்று.
மிச்சத்தில்
இருபது இழை நாற்பதாயிற்று,
ஊசி இறங்கிற்று.

இந்த மழைக்கு வயலில் நட்டார்கள்.
இருபுறமும் வரிசைகள்
ஆடு மேய்ந்த குச்சிகளாய் நிற்க
பதினேழாவது மட்டும்
வெட்கமில்லாமல் பச்சை.

காட்டேட்டாவிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள்.
அமோடிங் ஒரு செடியைப் பிடுங்கி உதறினாள்.
ஒரு மணி, அப்புறம்
விரல் நீளத்துக்கு வெறும் நரம்பு,
அப்புறம் இன்னொரு மணி.
ஒரே வயிற்றில் பிறந்து
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி.
"இதை யார் உரிப்பது?
உங்கள் ஆபீசர் பெண்டாட்டியா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
அசெகென்யேவும், கொஞ்சம் தாமதமாக.

அமோடிங் காயைப் போட்டுவிட்டாள்.
இலையைப் போடவில்லை.
திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள்,
வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
போன வருடம் அவள் வயலில்
இலை இருந்தது ஐந்து வாரம்.
அறுத்தது ஒன்றரை மூட்டை, பாதி பொக்கு.
"இந்த இலையை
என் காய்க்கு மாட்டிவிட முடியாதா?"

நாலு வருடம், ஐந்தாகவும் ஆகலாம்
என்று சொல்ல வாயெடுத்தாள் அசெகென்யே.
அதற்குள் லாரி ஹாரன் அடித்தது.
பெண்கள் ஏறிக்கொண்டார்கள்.
அமோடிங் மட்டும் மடித்துணி முடிச்சை அவிழ்த்து
ஒரு கை சிவப்புத்தோல் விதை கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த விதையின் மொட்டுதான் இது.
எட்டும் போயிற்று.
அடையாளம் கட்ட நூலைத் தேடினால்
உருளை காலி.
சட்டைக்கை ஓரத்தில் பிரிந்திருந்த
நீல இழையை உருவி
அதில் கட்டுகிறாள்.