நாற்பது றோசாக் கண்டு

மாசியில் ஒரு புதன்கிழமை,
கோண்டாவிலில் என் நேசறி வாசலில்
நீல ஜீப் ஒன்று வந்து நின்றது.
பயத்தில் அல்ல, பழக்கத்தில்
காசு லாச்சியைச் சாத்தினேன்.

இறங்கியவள் லெப்டினன்ற் ஹிமாலி.
ஐஸ் பெட்டிக்குள் ஈரச் சாக்கு,
சாக்குக்குள் நுவரெலியாவிலிருந்து வந்த தடிகள்.
வெள்ளை றோசாவாம்,
விரிந்து முடிகையில் ஓரம் மட்டும் சிவக்குமாம்.
கடற்படைப் பெண்களுக்கென்றே பெயரிட்டதாம்.
"நாற்பது கண்டு வேணும் ஐயா,
மயிலிட்டி முகாமுக்கு. ஆடிக்குள்ள."
ஈரச் சீமெந்தில் கால் வைப்பது போல
அவள் தமிழ் கவனமாக நடந்தது.

விலை சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.
அவள் பேரம் பேசவில்லை.
அது இரவு முழுக்க உறுத்தியது.

என்னிடம் கண்ணொட்டு வைப்பவள் கொறற்றி.
மரிய கொறற்றி. ஊர் மயிலிட்டி,
இருப்பது இணுவிலில் வாடகை அறை.
இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
நெருப்பு உருக்கி ஒட்டிவிட்ட தோல்.
எந்தப் படகு, எந்த இரவு என்று
ஆறு வருடத்தில் நான் கேட்டதில்லை.
மாதம் ஒருமுறை யாரோ வந்து கேட்டுப் போகிறார்கள்,
எனக்கும் சேர்த்து அது போதும்.

காட்டு றோசாத் தண்டில்
நெடுக்கே ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல்.
பட்டையை நகத்தால் நெம்பி
வந்த கண்ணை உள்ளே செருகி
பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறாள்.
எதற்காக வந்த கண் என்று அவளுக்குத் தெரியும்.
கை நடுங்கவில்லை; நான் பார்த்தேன்,
பார்ப்பதற்கென்றே எருச் சாக்கைத் தூக்கிக்கொண்டு
இரண்டு தரம் அந்தப் பக்கம் போனேன்.
நாற்பது கேட்டால் அறுபது வைக்க வேணும்.
சாவதற்கும் கணக்கு விட வேணும்,
அது தொழில்.

ஆனியில் ஹிமாலி மறுபடி வந்தாள்.
நாற்பத்தேழு பிடித்திருந்தது.
கொறற்றி நிமிராமல் கேட்டாள்:
"உள்ளுக்க இலுப்பை மரம் இன்னும் நிக்குதோ?"
"நிக்குது."
"அதுக்குக் கீழ இருக்கிற கிணத்தில அள்ளி ஊத்துங்கோ.
றோட்டுப் பக்கத்துக் கிணறு உவர்."
"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
நாடா கிழிபடும் சத்தம் மட்டும்.
ஹிமாலி தொப்பியைக் கழற்றினாள்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு தாளை நீட்டினாள்.
பித்தளையில் வெட்டப்போகும் வாசகம், மூன்று மொழியில்.
"தமிழ் சரியா, பாருங்கோ."
கடற்படையில் இருந்த என்று வரவேண்டிய இடத்தில்
கொழும்பில் எந்தத் தட்டச்சுக்காரனோ
'கடற்படுக்கையில் இருந்த பெண்களின் நினைவாக'
என்று அடித்திருந்தான்.
நான் வாயைத் திறப்பதற்குள்
கொறற்றி விரல் மண்ணைப் பாவாடையில் துடைத்து
தாளை வாங்கிக்கொண்டாள்.
ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரல் வைத்து,
படிக்கப் பழகுகிறவளைப் போல,
பெயர்ப் பட்டியல் வாசிக்கிறவளைப் போல,
கடைசி வரை போனாள்.
"சரி" என்றாள். "பிழை இல்லை."

ஹிமாலியும் அந்த வரியை
உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
முகாமில் கட்டில், மெத்தைக் கணக்கு எழுதுகிறவள்;
படுக்கை என்ற சொல் தெரியாமலா இருக்கும்?
மார்கழிக் கடலில் அவர்கள் பக்கத்திலும்
கிடைக்காமல் போனவர்கள் உண்டு.
பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.
திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்,
திருத்தவில்லை.

நாற்பதும் லொறியில் ஏறிப் போயிற்று.
மிச்சம் ஏழு; நானூற்றைம்பது ரூபா வீதம்
வாசலில் வைத்தேன்.
அடுத்த நாள் காலை ஆறுதான் இருந்தது.
பையைத் தூக்கிய இடத்தில் ஈர வட்டம்.
கொறற்றி அன்று ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தாள்,
செருப்பில் கடல் மணல்.

கொப்பியைத் திறந்து
ஏழாவதுக்கு நேரே
'செத்தது' என்று எழுதினேன்.