முனை மாற்றம்

குத்தாயிசியில் அந்தத் திரையரங்கை விற்றபோது
நாற்காலிகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின.
திரை யாருடைய லாரிக்கோ தார்ப்பாயானது.
ஆளுயரக் கொம்பு ஒலிபெருக்கிகள் இரண்டையும்
நுக்ஸாரும் தெமூரியும் பங்கு பிரித்துக்கொண்டார்கள்,
அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று.
பிறகு பதினெட்டு வருடம் பேச்சில்லை.
கொம்புகள் பேசின,
ரியோனி ஆற்றின் இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று,
ஒரே வானொலியின் ஒரே வானிலை அறிக்கையை.

எனக்கு ரயில்வே சிக்னலில் வேலை. இது மாலைநேரச் சபலம்.
தெமூரியின் மகள் தியோனாதான் கூப்பிட்டாள்:
"முற்றத்துச் சுவரில் படம் போடுகிறோம், எலிகோ.
பெரியப்பாவும் தன்னுடையதைக் கொண்டுவந்துவிட்டார்.
ஆனால் சேர்த்து வைத்தால் சத்தம் கூடவில்லை,
குறைகிறது."

முதலில் காது, அப்புறம்தான் கருவி.
தெமூரியின் கொம்பைத் தனியே விட்டேன்:
டபுள் பாஸ் தரைவழியே முழங்காலுக்கு ஏறியது.
நுக்ஸாருடையதும் அப்படித்தான்,
ஒரேயொரு சுரத்தில் மட்டும்
தொண்டையில் ஈ மாட்டிய மாதிரி ஒரு கிர்ர்.
இரண்டையும் சேர்த்தேன்.
தொட்டியின் அடைப்பானை உருவியதுபோல்
அடிச்சத்தம் வடிந்துபோனது.
நடிகையின் குரல் சுவரில் நிற்க மறுத்து
என் பிடரிக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் எங்கோ
போய் நின்றுகொண்டது.

"அவனுடையது கெட்டுவிட்டது" என்றார் நுக்ஸார்.
"அவருடையது என்றைக்கு நன்றாக இருந்தது?" என்றார் தெமூரி.
இரண்டையும் என்னிடம்தான் சொன்னார்கள்.
நான் ஒரு நல்ல சுவர்.

ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும்.
பெட்டிக்குள் இருக்கும் பெரிய காகிதக் கூம்பின் முனைகளில்
ஒரு கணம் தொட்டு எடுத்தேன். டப்.
நுக்ஸாருடையது முன்னே வந்தது.
டப்.
தெமூரியுடையது பின்னே போனது.
மறுபடி தொட்டுப் பார்த்தேன்; அதே பிடிவாதம்.

கெட்டது எதுவும் இல்லை.
ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது,
காற்று என்ன செய்யும், பாவம்,
இருந்த இடத்திலேயே இருந்துகொண்டது.
தனித்தனியாக இருக்கும்வரை
இதைப் பிழை என்று சொல்லவே முடியாது.

"அப்படியானால் யாருடையது தலைகீழ்?"
இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.
கேட்டதும் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது.

தலைகீழ் என்று ஒன்று கிடையாது,
எதை மாற்றினாலும் சரியாகிவிடும் என்றேன்.
"அப்படியென்றால் அவனுடையதை மாற்று."
"அவருடையதையே மாற்றேன்."
ஒரு திருப்புளிக்கு இரண்டு சுற்று வேலை;
சூரியன் இறங்குகிறது, பிள்ளைகள் பாய் விரித்தாகிவிட்டது.

ஏணி வேண்டும் என்றேன், நீளமான ஏணி,
ஒரு ஆளால் தூக்க முடியாதது.
அவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து
கொட்டகையிலிருந்து வருவதற்குள்
தியோனா டார்ச் பிடித்தாள், நான் மாற்றிவிட்டேன்.
யாருடையதில் என்று அவள் சொல்லமாட்டாள்.
நானும் இங்கே எழுதப்போவதில்லை.

ஏணி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
படத்தின் முதல் இடி இடித்தபோது
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று முட்டின,
நாய் எழுந்து போய்விட்டது,
நடிகை திரும்பி வந்து தன் உதட்டிலேயே நின்றாள்.

அந்தக் கிர்ர் இன்னும் இருக்கிறது.
காந்தத்தின் இடுக்கில் துருத்தூள் ஒட்டியிருக்கும்;
மெல்லிய அட்டையில் ஒட்டுநாடா சுற்றி வழித்தெடுக்க வேண்டும்.
வியாழக்கிழமை பார்க்கலாம் என்றேன்.

ஆனால் படம் முடிந்ததும் நுக்ஸார்
தன் கொம்பைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்.
பங்கு பங்குதானே.
அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவார்,
யாரையும் தொடவிடாமல்
கம்பிகளைத் தானே மாட்டுவார்,
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு,
மிகச் சரியாக.

தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.