பதினோராவது நிமிடம்

என் பெயரை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு
இருபத்துமூன்று என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள்.
‘எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல்
ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.’
கையெழுத்துப் போட்டேன்,
இதயத்திடம் இப்படியொரு தாளை
யாரும் நீட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே.

வால்டிவியாவில் ஜூன் மாதம்.
மழை ஆஸ்பத்திரிக் கூரையை விட்டு இறங்குவதே இல்லை.
குலுக்கலில் எனக்கு விழுந்தது பொம்மைக் குழு.
மனிதரைத் தொட்டுக் கற்பவர்கள் அடுத்த அறையில்.
அவர்கள் சிரிப்பு மட்டும் சுவர் தாண்டி வரும்.
என் ரப்பர் மார்புக்குக் கூச்சம் கிடையாது.
இடப்பக்கம், மூன்றாம் விலாவுக்குக் கீழே,
குறி வலத் தோளைப் பார்க்க
சொன்ன இடத்தில் வைத்தால் சொன்ன படம்.
மூன்று வாரம்.
அது ஒருமுறைகூட இருமவில்லை.

தேர்வு நாளில் வந்து படுத்தவர் நோல்ஃபா.
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவர்.
“காலை நீட்டிப் படுக்கவா காசு கொடுக்கிறீர்கள்?”
கேட்டபடியே ஒருக்களித்தார்,
ஜெல்லின் குளிருக்குத் துள்ளினார்.
லௌதாரோ கடிகாரத்தை அழுத்தினான்.
பத்து நிமிடம்.

எங்கே வைத்தாலும் விலா.
விலா இல்லாத இடத்தில் நுரையீரல்,
திரை முழுக்க ஆற்றின் மேல் விடிகாலை மூட்டம்.
பொம்மை எனக்குச் சொல்லித்தராத ஒன்று: மூச்சு.
மனுஷி மூச்சு விடுகிறாள். நடுவே பேசுகிறாள்,
கடல்சிங்கம் ஒன்று அவள் தராசையே கவிழ்த்த கதையை.
ஏழு. எட்டு.
கையுறைக்குள் என் விரல்கள் வேறு யாருடையவோ.
பத்து.
லௌதாரோ தாளில் ஒரு கட்டத்தில் கோடு போட்டான்.
எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும்.

“முடிந்ததா? மழை இன்னும் விடவில்லையே,”
என்றார் நோல்ஃபா. எழுந்திருக்கவில்லை.
நானும் கையை எடுக்கவில்லை.
“மூச்சை முழுக்க விட்டு, அப்படியே நிறுத்துங்கள்.”
“கத்தியை முள்ளோரம் இறக்கும்போது நிறுத்துவேனே, அப்படியா?”
“அப்படித்தான்.”

மூட்டம் விலகியது.
குறியை இடத் தோளுக்குத் திருப்பி
நூலளவு சாய்த்தேன்.
மைட்ரல் வால்வு.
திறந்து, மூடி, திறந்து.
பாடப்புத்தகம் இதை மீன் வாய் என்கிறது.
நான் சொல்லவில்லை.
திரையை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன்.

உற்றுப் பார்த்தார்.
“கொர்வினா,” என்றார்.
“பெட்டியில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம்
இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.”
எதை என்று சொல்லவில்லை.

ஆய்வின் கணக்கில் நான் ‘முடிக்கவில்லை’.
உண்மைதான், இருக்கட்டும்.
பொம்மை மட்டும் போதாது என்று சொல்லும் ஏதோ ஒரு வரைபடத்தில்
ஒரு புள்ளி சற்றுக் கீழே இறங்கி நிற்கும்.
பதினோராவது நிமிடத்துக்கு அங்கே கட்டம் கிடையாது.

சனிக்கிழமை சந்தையில்
“ஏய், இருபத்துமூன்று!” என்று ஒரு குரல்.
பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
கொர்வினாவைத் தாளில் சுற்றித் தராசில் வைத்தார்.
பேரம் பேசிப் பார்த்தேன்.
ஒரு பேசோ குறைக்கவில்லை.