கடைசிப் பக்கத்தில் பென்சில்

திசா ஆற்றில் பனிப்பாளம் மிதக்கும் மாதத்தில்
செகெட் நகர நூலகத்திலிருந்து
அந்தத் தடித்த நாவலை மறுபடி எடுத்துவந்தேன்.
நூற்று நாற்பது வயது அதற்கு.
முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரோ மீன் சூப் குடித்துக்கொண்டே படித்த
மிளகாய்ச் சிவப்பு, இன்னும் போகவில்லை.

பண்ணைக்காரர் வீட்டு மருமகள் எர்மினா
குதிரை வைத்தியனை விரும்பினாள்.
கடைசி அத்தியாயத்தில் பனிக்குள் நடந்துபோனாள்,
திரும்பவில்லை.
அவனுக்கு, ஆறே வரியில்,
வேற்றூரில் ஒரு மனைவி, ஆப்பிள் தோட்டம்,
மூன்று பிள்ளைகள்.
புருஷனுக்குக் கொஞ்சம் மூட்டுவாதம்.
‘சுபம்’ போடாததுதான் பாக்கி.

ஓரத்தில் பென்சிலில், சாய்ந்த பழைய எழுத்தில்:
“அநியாயம்.”
அதன் கீழே தாளே கிழியும் அழுத்தத்தில் வேறொரு கை:
“அவளாகத் தேடிக்கொண்டது.”
அதற்கும் கீழே, பச்சை மையில்:
“நீர் ஆண்தானே?”
பதில் இல்லை.
மூன்று தலைமுறை வாதாடியும்
கட்டு அவிழ்க்காமல் கிடக்கிற வழக்கு.

எனக்குத் தீர்ப்புகளோடுதான் பிழைப்பு.
மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாகச்
சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்கிறேன்.
இருமலைச் சேர்ப்பதில்லை.
அழுகைக்கு அடைப்புக்குறி உண்டு.
நேற்று நீதிபதி கெல்லேர்ட்
பதினோரு நிமிடத்தில் வாசித்து முடித்தார்:
குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டிய பையன், ஜோம்போர்,
நான்கு வருடம்.
செத்துப்போன சிறுமியின் தாய்
“நாலா?” என்றாள்.
அவனைப் பெற்றவளும் அதே நொடியில்
“நாலா?” என்றாள்.
யார் பேரில் பதிவதென்று தெரியாமல்
இரண்டையும் ஒரே கேள்விக்குறியில் அடைத்தேன்.

அதனாலோ என்னவோ, இந்த முறை
எர்மினாவுக்காகக் கண் கலங்கவில்லை.
நான் தேடியது போரியை.
நாற்பதாம் அத்தியாயத்தில் மாவுக்கூடைக்குள்
கடிதத்தை மறைத்துக் கொண்டுபோன வேலைக்காரப் பெண்.
அவள் கைக்கொப்புளம்வரை எழுதியவர்,
பிறகு ஒரே ஒரு வரி:
“போரியை வசந்தத்தில் அனுப்பிவிட்டார்கள்.”

எங்கே? சம்பளம் கொடுத்தா?
எர்மினா கழற்றித் தந்த அந்தக் கம்பளிக் காலுறை
அவளிடமே இருந்ததா?
செத்தவளுக்காவது ஒரு முழு அத்தியாயம்,
தூரத்தில் ஓநாய்கூட ஊளையிட்டது.
இவளுக்குத் தண்டனைகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.
சாட்சியாகக் கூப்பிடாமலே
நாள் முழுக்கத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து
விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்களே, அந்த மாதிரி.

அதுவும் ஒரு அதிர்ஷ்டம்தானோ?
ஆசிரியரின் கண்ணில் படாமல் நழுவியவள்.
அவர் கண் வைத்தவர்களில் யார் உருப்பட்டார்கள்?
போரி எங்கோ ரொட்டிக்கடை வைத்து,
பல் விழுந்து, பேரன்களைத் திட்டி…
இல்லை.
சொல்லாததைத் தட்டச்சு செய்யக்கூடாது.
வேலையில் சேர்ந்த அன்று கற்றது.

பச்சை மைக்குக் கீழே
ஒரு விரற்கடை இடம் இருந்தது.
பென்சிலைச் சீவி
“போரி எங்கே?” என்று மட்டும் எழுதினேன்.
அழித்தேன்.
இன்னும் மெல்லிசாக எழுதினேன்.

இரண்டு நாள் தாமதம், எண்பது ஃபோரிண்ட் அபராதம்.
நூலகர் ஹைனல்கா அட்டையில் முத்திரை குத்தியபடி
“முடிவு எப்படி, திருப்திதானா?” என்றாள்.
“வாய்தா போட்டிருக்கிறது” என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
புத்தகத்தைத் தனியாக எடுத்துவைத்தாள்,
யாரோ ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்களாம்.