யாரும் இல்லை என்பதற்குச் சான்று

இருப்பதற்குத்தான் சான்று கேட்பார்கள்.
நிலம் இருந்தால் சிட்டா, ஆள் இருந்தால் ஆதார்.
என்னிடம் இல்லாததற்குக் கேட்டார்கள்.
அப்பா வழியிலும் அம்மா வழியிலும்
பட்டம் வாங்கியவர் ஒருவரும் இல்லை என்று
வி.ஏ.ஓ. எழுதி, ஆர்.ஐ. பார்த்து,
தாசில்தார் ஒப்பமிட வேண்டும்.

கலந்தாய்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.
மேட்டூர் திறந்துவிட்டதாகப் பேப்பரில் வந்திருந்தது.
எங்கள் வாய்க்காலில் அப்போது ஆடு மேய்ந்தது.
கடைமடைக்குத் தண்ணீரும் தகவலும்
ஒரே வேகத்தில்தான் வரும்.

திருத்துறைப்பூண்டி இ-சேவை மையத்தில்
பர்ஹானா அக்கா தட்டிக்கொண்டே கேட்டாள்.
தாத்தா?
கைநாட்டு.
அப்பா?
ஆறாவது.
அம்மா?
நாற்று முடியை எண்ணுவாள், ஒன்றுகூடத் தப்பாது.
அதைப் போட இடமில்லை.
கூடப் பிறந்தவங்க?

அண்ணன், இளவழகன்.
திருவாரூர் அரசு கல்லூரி, இயற்பியல்,
மூன்றாவது செமஸ்டர் வரை.
"முடிச்சாரா?"
இல்லை.
"அப்ப நல்லதாப் போச்சு."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கஜா அடித்த வாரம்
கூரை பக்கத்து வயலில் கிடந்தது.
தேர்வுக் கட்டணத்துக்கும் அதே வாரம்தான் கடைசி.
யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.
நிறுத்தாதே என்று சொல்லவும்
எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன்
சுணை ஒட்டிய கையைக் கைலியில் துடைத்தான்.
'நான் பட்டதாரி இல்லை' என்ற வரிக்குக் கீழே
இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டான்,
கல்லூரிக்கென்று பழகியது,
கடைசியில் ஒரு நீளக் கோட்டோடு.
"கோணலா இருக்கா?" என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் எனக்கும் வந்தது மூன்றாவது செமஸ்டர்.
கணக்கு இரண்டு முறை போயிற்று.
ஹாஸ்டல் அறையில் மற்ற மூவரும்
அவரவர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்,
மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று.
எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.
பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.
மன்னார்குடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

போன் அடித்தது.
"லாரி வரல, மூட்டையெல்லாம் நனையுது" என்றான்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
பிறகு,
"அரியருக்கு எவ்வளவு கட்டணும்?
கடைசி நாள் என்னிக்கு?"

அவனிடம் ஒருவரும் கேட்காத
இரண்டு கேள்வி.

வண்டி போய்விட்டது. நான் ஏறவில்லை.
பணம் மறுநாள் காலை வந்தது,
நானூறு ஒரு நம்பரிலிருந்து, அறுநூறு இன்னொன்றிலிருந்து,
யார் யாரிடம் கேட்டானோ.

இப்போது கடைசி வருடம்.
தொலைநிலையில் இரண்டாம் ஆண்டிலிருந்தே
சேர்ந்துகொள்ளலாம் என்று விசாரித்து வந்தேன்.
சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான்.
"நான் முடிச்சிட்டா
ஒன் சர்ட்டிபிகேட் செல்லாதே, பரவால்லயா?"
அம்மாவும் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர், பிறந்த தேதி, பழைய பதிவெண்,
நானே நிரப்பிவிட்டேன்.
கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி.
அந்த நீளக் கோட்டுக்கு அது போதாது.
கட்டத்துக்கு மேலே பென்சிலால், சின்னதாக,
கடைசி நாளை எழுதி வைத்திருக்கிறேன்.